முத்திரை இல்லாத ரம்பம்

சித்தியின் வலது ஆள்காட்டி விரல் வீங்கிக் கறுத்திருந்தது. நாளைக் காலைக்குள் வீக்கம் வடியாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தி கேட்டுக்கொண்டு நேராக எங்கள் பழம்பொருள் கடைக்கு வந்துவிட்டாள்.

பழைய அறுவை சிகிச்சைக் கருவிப் பெட்டிகளை யார் செய்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. துருவைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. அன்று வந்த பெட்டியில் எந்தக் கருவியிலும் செய்தவரின் முத்திரை இல்லை.

"இல்லாட்டி என்ன? செஞ்ச ஆளு தன் கையில வச்சுப் பார்த்துதான் பிடியை இழைப்பான். பிடியைப் பார்த்தா கையைச் சொல்லிடலாம்," என்றாள்.

எலும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். அதன் கருங்காலிப் பிடியில் கட்டைவிரலுக்குக் கோணலாக ஒரு பள்ளமும், மற்ற விரல்களுக்கு மூன்று பள்ளங்களும் இருந்தன. ஆள்காட்டி விரல் வரவேண்டிய இடத்தில் பள்ளமே இல்லை.

"சின்னக் கை. பொம்பளைதான்," என்று சிரித்தாள். "ஆளைப் பிடிச்சாச்சு, விரலைத்தான் காணோம்."

"கீழ வை சித்தி. பார்க்கவே பயமா இருக்கு."

"போடி பயந்தாங்கொள்ளி."

வீங்கிய விரலை மடக்கிக்கொண்டு பிடியைப் பற்றினாள். ஒரு வாரமாக மடக்க முடியாமல் அவள் அழுத விரல் அது. மற்ற மூன்றும் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய கட்டைவிரலும் அதே கோணலில் பொருந்தியது. சித்தியின் சிரிப்பு நின்றது.

ரம்பத்தைக் கீழே வைத்த பிறகும் மடக்கிய விரல் நிமிரவில்லை.

"வீங்கின விரல் இன்னும் வலிக்குதா சித்தி?"

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மடங்கிய விரலைத் தொடாமல் மற்ற நான்கையும் எண்ணினாள்.

"எந்த விரல்டி?"