நானூற்று ஒன்பதாம் அறையின் கால்கள்

"காலை உள்ளே இழுங்க, மிஸ்டர் டெல்மர். இது மூணாவது நோட்டீஸ். நான் கையெழுத்துப் போட்டா உங்க ரூம் போயிடும்."

மரிசெல் குனிந்து ஒரு ஜோடிக் கால்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு மேலே இருந்த டெல்மர் முழுக்க நானூற்று ஒன்பதாம் அறைக்குள், கதவைத் திறந்துபோட்டுத் தரையில் மல்லாந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் தாழ்வாரத்தில். கட்டில்மேல் அவருடைய மூட்டைகள் சொகுசாகப் படுத்திருந்தன.

சான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் வருஷக்கணக்காகக் கிடந்தவர்களுக்கான கட்டடம் அது. ஆளுக்கொரு அறை உண்டு. கழிப்பறை மட்டும் தாழ்வாரக் கோடியில், பொது. மரிசெல் அதன் மேலாளர்.

"கணுக்கால் வரைக்கும் இழுத்துக்கறேன்," என்றார் டெல்மர். "மிச்சம் வெளியே."

"தீயணைப்பு அதிகாரி எந்த நேரமும் வந்து நிப்பார். வழியில ஒரு செருப்புகூட கிடக்கக் கூடாது."

"சரி, ஒத்தைப் பாதம். இடதா வலதா, நீங்களே பொறுக்கிக்கங்க."

"இதென்ன மீன் மார்க்கெட்டா?"

"அஞ்சு விரல். அதுக்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது, தாயே."

எதிர் அறை திறந்தது. இரவு உடுப்புக்கு மேலே ராணுவக் கோட்டு, கையில் ஊன்றுகோல், மூச்சில் விசில். வெர்னா. டெல்மரின் கால்களைப் பற்றி இதுவரை ஐந்து புகார் எழுதிக் கொடுத்தவள்.

"இன்னுமா இழுக்கலை இவன்? விடிஞ்சா இந்தக் கட்டைகளைத் தாண்டித்தான் நான் பாத்ரூம் போகணுமா?"

"கண்ணைத் திறந்துக்கிட்டு நட, மகாராணி."

"ஒருநாள் கோடாலியோட வருவேன்டா, கிழவா!"

"வா வா. வரும்போது நகத்தையும் வெட்டிட்டுப் போ."

வெர்னா அவருடைய இடது காலை வேண்டுமென்றே ஒரு மிதி மிதித்தாள். டெல்மர் "ஆ!" என்று அலறினார். பிறகு, காலையிலேயே போணியான கடைக்காரர் போல அவர் முகம் மலர்ந்தது. அவள் சுவரைப் பிடித்து, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, வழி நெடுக அவருடைய பரம்பரையை விசாரித்துக்கொண்டே போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்தினாள்.

மரிசெலுக்கு ஏதோ புரிந்தது போலிருந்தது. இந்த மாடியில் இந்த வருஷம் மூன்று பேர் போய்விட்டார்கள். மூன்று பேரும் மூடிய கதவுக்குப் பின்னால். ஒருவரை நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். அவள் நோட்டீசை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"தெருவுல படுத்திருந்தப்போ, போறவங்க வர்றவங்க உங்க உள்ளங்காலைத் தட்டிப் பார்ப்பாங்க, இல்லையா?"

"ஷூ நுனியால தட்டுவாங்க. நாம கெட்ட வார்த்தையில திட்டினா உயிர் இருக்குன்னு அர்த்தம். அவங்க நிம்மதியா நடையைக் கட்டுவாங்க."

"இங்கே கதவைச் சாத்திட்டா யாரு தட்டுவாங்கன்னுதானே காலை வெளியே போடறீங்க?" அவள் குரல் தழைந்தது. "இனிமே தினம் காலையில நானே வந்து உங்க கதவைத் தட்டறேன். பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" டெல்மர் எழுந்து உட்கார்ந்தார். "எனக்குக் கோவேறு கழுதையோட இதயம்னு டாக்டர் போன வாரம்தான் சொன்னார். நீங்க தட்டினா நான் உடனே திறப்பேன். கூடவே காப்பியும் கேப்பேன்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? ரூம் போனா மறுபடி நடைபாதைதான். தெரியுமில்ல?"

அவர் தாழ்வாரக் கோடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"வெர்னாவுக்குத்தான் இதயம் பாதிக்குப் பாதி நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில 'என் பொறுப்புலதான் போறேன்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு ஓடி வந்துட்டா. யாரு தட்டினாலும் திறக்க மாட்டா. உங்க சட்டப்படி நீங்க சாவி போட்டுத் திறக்க மூணு நாள் ஆகும். ஆனா தினம் விடிஞ்சதும் என் காலை மிதிச்சுத் திட்டாம அவளால பாத்ரூம் போக முடியாது. மிதி விழாத அன்னிக்கு அவ கதவை உடைச்சுப் பார்த்துட்டு, நானே ரெண்டு காலையும் உள்ளே இழுத்துக்கறேன்."