பொரி தின்ற கம்ப்யூட்டர்

“இன்னா மேடம், கம்ப்யூட்டருக்குள்ள பொரி வறுத்துகினு கீறீங்களா?”

1997 அக்டோபர் 13, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி, வெளியே தூறல். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில், மெக்கானிக் கஜபதி கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினான். கருகிய பொரியும் பொட்டுக்கடலையும் மேசைமேல் உதிர்ந்தன.

“கடலை மாட்டி ஃபேன் நின்னுபோச்சு. சூடு ஏறி அல்லாம் அவுட்டு. வேற சப்ளைதான் போடணும்.”

ஆபரேட்டர் நாகவல்லி மேலாளர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தற்காலிக ஊழியரான அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு, மேலாளர் உலகநாதனின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. அவரோ தீவிர நாத்திகர். ஆயுத பூஜையன்று தேங்காய் உடைபடுமுன்பே அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்பவர். அவருக்கு அஞ்சியே, போன வாரப் பூஜையிலும் லேத் முதல் சைக்கிள் வரை பொட்டு வைத்தவர்கள் கம்ப்யூட்டரை மட்டும் உறைபோட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

உலகநாதன் வந்தார். உதிர்ந்து கிடந்த பொரியைப் பார்த்தார்.

“முதலாளி போன் பண்ணார். கம்ப்யூட்டரைக் கெடுத்தது யாருன்னு பாத்து, உடனே வேலையை விட்டு அனுப்புங்கறார்” என்றார், யார் முகத்தையும் பாராமல்.

எல்லாருடைய பார்வையும் பியூன் வேலுசாமியின்மேல் விழுந்தது. பூஜையன்று பொரி தூவியவர் அவர்தான்.

“மாட்னியா அண்ணாத்தே!” என்றான் கஜபதி.

“சத்தியமா நான் அது கிட்டயே போவல சார்!”

வேலுசாமி மூன்று பெண்களைப் பெற்றவர். நாகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்தான் சார் வெச்சேன்.”

உலகநாதன் திகைத்து நின்றார். பிறகு விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டார்.

“இன்னா பாப்பா, எனுக்காகவா சொன்னே? மெய்யாலுமே நான் வெக்கலம்மா!” என்றார் வேலுசாமி. அவள் நம்பவில்லை.

கஜபதி புதிய பவர் சப்ளையை மாட்டி ஸ்விட்சைத் தட்டினான். ஃபேன் சுழன்றது, திரை ஒளிர்ந்தது. அலுவலகமே கைதட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

“முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்மா. சிரியோ சிரின்னு சிரிச்சார். தண்டனையா, அடுத்த வருஷ பூஜையை நடத்தணுமாம்.”

“நானா சார்?”

உலகநாதன் எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“நான்! மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்க, அது ஒண்ணு மட்டும் வெறும் நெத்தியோட நின்னுது, மனசு கேக்கலம்மா. எல்லாரும் போனப்புறம் பின்பக்க இடுக்குல ஒரு பிடி பொரி வெச்சேன். அதுதான் ஃபேனுன்னு எனக்கெப்படித் தெரியும்?” என்றபடி, கையெழுத்திட்ட உத்தரவை அவளிடம் நீட்டினார்.