சவுரியம்மாளின் தோசைக்கல்

கழுவக் கழுவத் தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடியது. தெருக்கதவைத் தாழ் போட்டிருக்கிறோமா என்று ஜாக்குலின் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கொல்லையில் உட்கார்ந்து மறுபடி தேய்த்தாள்.

பின்கதவு வழியாக வந்த பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, இது உன் மாமியா தோசக்கல்லாச்சே! இன்னாடி இப்பிடித் துருவேறிக் கெடக்குது?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றாங்களேன்னு நேத்து எல்லாத்தையும் வெளக்கினேன்க்கா. கல்லு மேல கருப்பா அழுக்கு அப்பிக்கினு இருந்துச்சி. சோப்புத்தூளு போட்டுக் கம்பி நாரால சொரண்டி, வெளியவே வெச்சிட்டேன். விடிகாலைல மழ பேஞ்சிடுச்சி."

"அழுக்கா? அவங்க மாமியா காலத்துலேர்ந்து ஊறின எண்ணெடி அது! தோசக்கல்லுக்கு யாராவது சோப்பு போடுவாங்களா?"

ஜாக்குலினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான மூன்றாம் நாளே சவுரியம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள், வீட்டில் எதைத் தொட்டாலும் இந்தக் கல்லைத் தொடக்கூடாது என்று. அதில் ஒரே ஒரு நாள் சப்பாத்தி போட்டதற்காக மூத்த மருமகளை மறுவாரமே ஒலக்கூருக்குத் தனிக்குடித்தனம் அனுப்பிய மகராசி.

மூத்தவளுக்காவது அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் எடுத்து வளர்த்த ஜாக்குலினுக்கு, இந்தத் திண்டிவனத்து வீட்டை விட்டால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

"கஞ்சித் தண்ணில மூணு நாளு ஊறணும். அப்பறம்தான் எண்ண தடவிப் பழக்கணும்" என்றாள் பாஞ்சாலி.

"மூணு நாளா? மத்தியானமே வந்துடுவாங்கக்கா!"

செல்போன் அடித்தது. புருஷன் அந்தோணி பிரபு. மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட அம்மாவோடு பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தவன்.

"விழுப்புரத்துல பஸ் ஏறிட்டோம் ஜாக்கு. அம்மா செம தெம்பு, அடிபட்ட ஆளு மாதிரியே இல்ல. திண்டிவனத்துக்கு டிக்கெட்டு நாலணாதான்னு கண்டக்டராண்ட சண்ட புடிச்சிக்கினு இருக்குதுன்னா பாரேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

சண்டை என்ற சொல் மட்டும்தான் ஜாக்குலின் காதில் ஏறியது.

புளியையும் கல்லுப்பையும் வைத்துத் தோள் கழன்றுவிடும்போலத் தேய்த்தாள். துடைத்து அடுப்பில் ஏற்றி, மல்லாட்டை எண்ணெயை ஊற்றி, பாதி வெங்காயத்தால் சுற்றிச் சுற்றித் தடவினாள். வீடு முழுக்கப் புகை.

அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வேண்டிக்கொண்டுதான் மாவை ஊற்றினாள். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. மெழுகுவர்த்தியை மூன்றாக்கினாள். இரண்டாவதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, செம்மண் நிறத்தில்.

மூன்றாவது பாதி வந்தது, பாதி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கதவைத் திறந்துவிட்ட பாஞ்சாலி, வம்பே வேண்டாம் என்று அப்படியே நழுவிவிட்டாள்.

தலையில் கட்டோடு சவுரியம்மாள் நேராக அடுப்படிக்குத்தான் வந்தாள். கல்லைப் பார்த்தாள். தட்டில் பிய்ந்து கிடந்த தோசையைத் தொட்டு, விரலில் ஒட்டிய செந்தூளை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"அத்த, தெரியாம பண்ணிட்டேன் அத்த! என்ன மட்டும் அனுப்பிடாதீங்க!" என்று ஜாக்குலின் அவள் காலில் விழுந்தாள்.

சவுரியம்மாள் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினாள். வாசல் பக்கம் ஒருமுறை மிரண்டு பார்த்துவிட்டு, மருமகளின் காதோடு கிசுகிசுத்தாள்.

"அக்கா, ஜல்தி ஒளிச்சி வெய்யி, எம் மாமியா பாத்தா என்னத் தொரத்திடும்!"