இரண்டாவது வருடம்

இருபது நிமிடத்துக்குள் பேசி முடித்து எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

மேசையின் முன்பக்கத்தைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். காலை நீட்ட இடமில்லை. வலது முட்டி மடங்கியே இருந்தது.

எதிரே கால்பந்து கிளப்பின் செயலாளர் இருதயராஜ். அவர் பக்கத்தில் பயிற்சியாளர் தேவநேசன். நடுவே ஒப்பந்தக் காகிதம். முப்பத்தேழு வயது டிஃபெண்டரான அவனை இன்னும் வைத்துக்கொள்வதா, வழியனுப்பிவிடுவதா என்பதுதான் பேச்சு.

வழியனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவன் வீட்டிலேயே முடிவு செய்திருந்தான். ஒரு பொன்னாடை, ஒரு கடைசி ஆட்டம், நாலு நல்ல வார்த்தை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். சீட் காலியாக இருந்தும் பெரம்பூர் வரை நின்றுகொண்டே வந்தான்.

இருதயராஜ் எடுத்த எடுப்பில் ஒரு வருடம் என்றார்.

பதினொன்று ஒன்பது.

சரி சார் என்று சொல்லியிருக்கலாம். அப்போதே எழுந்திருக்கலாம். கால் சொன்னபடி கேட்டிருக்கும்.

ஆனால் இவ்வளவு சுலபமாகத் தருகிறார்கள் என்றால் தன்னிடம் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றி ரொம்ப நாளாகியிருந்தது. பாவம், அந்தச் சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

இரண்டு வருடம் கேட்டான்.

இருதயராஜ் வயதைச் சொன்னார். போன சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லையே என்றான். வேகம் குறைந்துவிட்டது என்றார். பந்து எங்கே வரும் என்று தெரிந்தவனுக்கு வேகம் எதற்கு என்றான். டீ வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே இதையே மறுபடி பேசினார்கள்.

தேவநேசன் அவனுக்காகப் பரிந்து பேசினார். இடைவேளை விட்டதும் மற்றவர்களெல்லாம் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார்கள், இவன் ஒருத்தன்தான் விசில் ஊதும்வரை நின்றுகொண்டிருக்கிறான், அந்த ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்தால் அந்த முட்டி பூட்டிக்கொள்ளும். ஆடிய சூட்டோடு உட்கார்ந்தால் ஐந்தே நிமிடம். மற்ற நேரங்களில் இருபது நிமிடம் தாங்கும். அதற்கு மேல் போனால் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். மனைவி இரண்டு கையாலும் பிடித்து, அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிடுவாள்.

அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க அவன் சர்ச் வாசலில் நிற்பான். பக்தி என்று ஃபாதர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதினொன்று இருபத்தைந்து ஆனதை அவன் கவனிக்காமல் இல்லை. மேசைக்கடியில் காலை நகர்த்திப் பார்த்தான். பலகையில் இடித்தது.

இருதயராஜ் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒன்றரை வருடம் என்றார். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று தெரிந்தது. இந்த நேரத்தில் எழுந்து நடந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்தான்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இருதயராஜ் சிரித்துவிட்டார். காகிதத்தில் ஒரு வருடம் என்றிருந்ததை அடித்து, இரண்டு என்று மேலே எழுதினார்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தக் கிளப்பில் யாரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதில்லை. கோப்பை அலமாரிக்கு முன்னால் நின்று, இடது கையில் பந்தை அணைத்துக்கொண்டு, அலமாரி மேல் காகிதத்தை வைத்துப் போட வேண்டும். ஆரம்பித்தவர் காலத்திலிருந்து அப்படித்தான். அவனே பதினொரு முறை போட்டிருக்கிறான்.

இருதயராஜ் காகிதத்தை எடுத்துப் போய் அலமாரி மேல் வைத்தார். தேவநேசன் பந்தைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மேசையிலிருந்து அலமாரி எட்டடி இருக்கும்.

இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றினான். இடது கால் எழுந்தது. வலது கால் வரவில்லை.

உட்கார்ந்துவிட்டான்.

கால் மரத்துப்போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். நின்றபடியே காத்திருந்தார்கள்.

மறுபடி ஊன்றினான். டீ கிளாஸ் உருண்டு விழுந்தது. நெற்றியில் வியர்த்துக் கொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை.

தேவநேசனும் ஒரு காலத்தில் ஆடியவர். மேசையைச் சுற்றி வந்து குனிந்து, அந்த முட்டியின் மேல் கையை வைத்தார். அழுத்திப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். அத்தனை இடைவேளைகளும் அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போய், பந்தை அதன் இடத்தில் வைத்தார்.

இருதயராஜ் பேனாவை மூடினார்.

"சார், அந்த ரெண்டாவது வருசம் வேணாம் சார்" என்றான் அவன். "நீங்க மொதல்ல சொன்னதே போதும்."

காகிதம் அலமாரி மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு யாரும் அவனிடம் வரவில்லை.