புதுப் பெயிண்ட்

“இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கேன். நாய் வச்சிருக்கிறவங்களுக்கு வீடு கிடையாது” என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த மானேஜருக்கு எங்கே போனாலும் இதே பாட்டுதான்.

மானேஜர் காரில் ஏறி, பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த நாயைத் தடவிக் கொடுத்தார்.

“பெயிண்டையா நக்கித் திங்கப்போவுது இது? சொந்தமா நாலு சுவர் இருந்துட்டாப் போதும், இவனுங்களுக்குத் தலைகால் புரியாது!”

“வாயில்லா ஜீவன்னு ஒரு இரக்கம் வேணாம்?” என்றாள் மனைவி.

செல்போன் அடித்தது.

“ஆமாங்க, எங்க சொந்த வீடுதான். மாற்றலானதால வாடகைக்கு விடறோம். தாராளமா வாங்க… என்னது, பூனைக்குட்டியா?”

கையை நக்க வந்த நாயைப் பின்னால் தள்ளினார்.

“மன்னிச்சுக்குங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கேன்.”