‘இல்லை’ என்று ஒரு வரி

"இதெல்லாம் யார் எழுதின குறிப்பு அக்கா? நான் ஒண்ணுகூட எழுதி வைக்கலையே!"

கையேடு என்ற இளைஞன் கையிலிருந்த தாளை மேசைமேல் வீசினான். பல் டாக்டரைப் பார்க்கணும். குழாய் ரிப்பேர். மச்சானுக்குச் சட்டை. மனைவிகிட்ட மன்னிப்பு.

"மன்னிப்பா? எதுக்கு மன்னிப்பு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? கல்யாணமான ஆளு, எப்படியும் இருக்கும்னு போட்டேன்" என்றாள் குறுக்குக் கேள்வி.

கையேடு, குறுக்குக் கேள்வி எல்லாம் அவர்களுக்கு ஆபீஸில் வைத்த பட்டப்பெயர்கள். அந்தக் கம்பெனியின் ஆப்பில் ஜனங்கள் தங்கள் குறிப்புகளை எழுதி வைப்பார்கள். ‘என் குறிப்பையெல்லாம் காட்டு’ என்று கேட்டால், ஆள் மாதிரி வேலை செய்யும் மெஷினான ஏஐ ஏஜென்ட், ‘டூல்’ என்கிற ஒரு சின்ன நிரலைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தலைப்புகளை வரிசையாக எடுத்துவர வேண்டும். அந்த டூலை எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது என்று ஏஜென்ட்டுக்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பதுதான் கையேட்டின் வேலை.

எழுதியதை மெஷினிடம் விடுமுன் ஒரு மனிதர் ஏஜென்ட்டாக நடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். எழுதிய விளக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும், சொந்தப் புத்தி துளியும் கிடையாது என்று வைத்துக்கொண்டு நடிக்க வேண்டும். அந்த வேடத்தில் குறுக்குக் கேள்வியை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

ஒரு வாரமாக அவனை உரித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வரிசையில காட்டணும்? புதுசு முதல்லயா, பழசு முதல்லயா?" என்பாள்.

"தலைப்பு மட்டும் போதுமா? உள்ளே இருக்கறதையும் படிச்சுக் காட்டணுமா?" என்பாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்தான். சேர்க்காமல் என்ன செய்வது? இந்த விளக்கம் இன்றைக்குத் தேறினால்தான் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமனாரிடம் வேறு, ‘வேலை நிரந்தரமாயிடுச்சு மாமா’ என்று போன மாதமே சொல்லித் தொலைத்திருந்தான்.

"அக்கா, இன்னிக்கு நான் நடிக்கக் குடுத்தது குறிப்பே எழுதாத காலிப் பெட்டி. உள்ளே ஒண்ணுமே இல்ல. ‘குறிப்பு எதுவும் இல்லை’ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படிச் சொல்லலாம்னு நீங்க எழுதலையே தம்பி. ‘கேட்டவருக்குப் பட்டியலைக் கொடு’ன்னுதான் எழுதியிருக்கீங்க. வெறுங்கையோட போய் நிக்கக் கூச்சமா இருந்துச்சு. நானே நாலு எழுதிட்டேன்."

"இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு வரி எழுதணுமா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"குழந்தைக்குத் தெரியும். நல்ல பேர் வாங்கணும்னு துடிக்கிறதுங்களுக்குத்தான் தெரியாது. மெஷின் அந்த ரகம்."

கையேட்டுக்கு வந்ததே கோபம்.

"நேராவே சொல்லிடுங்கக்கா. நான் இங்கே நிலைக்கக் கூடாது, அதானே? இப்படி ஒரு வரியை எழுதினா பாக்கறவன் சிரிப்பான். நான் எழுத மாட்டேன்."

பக்கத்து மேசைகளெல்லாம் அவன் பக்கம்தான். "பாவம்ப்பா புதுப் பையன், இந்தம்மா படுத்தற பாடு" என்று ஒருவர் அவள் காதில் விழும்படியே சொன்னார். குறுக்குக் கேள்வி காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தாளை எடுத்து, சுருக்கம் நீவி, மறுபடி அவன் முன்னால் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து சேர்ந்தார்.

"என்னப்பா, நிஜ ஏஜென்ட்டை வச்சு ஓட்டிப் பாத்துட்டியா?"

எங்கே பார்த்தான்? குறுக்குக் கேள்வியோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருந்தது.

"பாத்தாச்சு சார்" என்றான்.

"பலே! என்னென்ன பாத்தே?"

அதற்குமேல் கையேட்டின் வாய் தானாக ஓடியது.

"இன்னிக்குக் காலையில வந்ததும் நூறு குறிப்பு வச்சு ஓட்டினேன் சார். வரிசை பிசகல. அப்புறம் ஒரே ஒரு குறிப்பு வச்சுப் பாத்தேன். அப்புறம் தலைப்பே இல்லாத ஒண்ணு. அதுல லேசாத் தடுமாறிச்சு, தட்டிச் சரி பண்ணிட்டேன். இப்பத்தான் காலிப் பெட்டியும் பாத்தேன். ‘எதுவும் இல்லை’ன்னு அழகாச் சொல்லிடுச்சு சார்!"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"இன்னிக்கா? ஏஜென்ட்டை ஓட்டிப் பாக்கற டெஸ்ட் சர்வரை நேத்தே ரிப்பேருக்குக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களேப்பா. இன்னும் வந்து சேரலையே. அதுக்கு முன்னாடி பாத்திருப்பியோன்னுதான் கேட்டேன்."

இவ்வளவு நேரம் அவன் பக்கம் இருந்த மேசைகள் எல்லாம் அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டன. கையேட்டுக்கு விளங்கிவிட்டது. வேலை போச்சு. அது போனால் போகிறது, பொய்க்காரன் என்ற பெயரோடு அல்லவா போகப் போகிறது! அவமானத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

குறுக்குக் கேள்வி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முடிந்தது கதை என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தச் சமயத்துக்குத்தானே அவள் காத்திருந்திருப்பாள்!

"சார், அவர் இப்ப ஏஜென்ட்டா நடிச்சிட்டிருக்கார்" என்றாள் அவள். "‘இல்லைன்னா இல்லைன்னு சொல்லு’ன்னு ஒரு வரி எழுதாம விட்டா மெஷின் எப்படியெல்லாம் அளந்து விடும்னு உங்களுக்கு நடிச்சுக் காட்டச் சொன்னேன். தத்ரூபமா இருக்குல்ல?"