பேச்சை நிறுத்திய பாறைகள்

"நீ கொஞ்சம் நகர்ந்தாத்தான் என்ன?"

"ஏன், நீ நகரேன்!"

வளைக்கு வெகு ஆழத்தில், முட்டிக்கொண்டு கிடந்த இரண்டு பாறைகளின் பேச்சு தாய் எலியின் காதில் விழுந்தது. முன்பொரு முறை அவை நகர்ந்தபோது மேலே மலையே சரிந்ததாம். தினமும் கேட்கும் சண்டைதான். ஆனால் அன்று அந்த இரண்டு பேச்சோடு சரி, அப்புறம் இரண்டும் வாயே திறக்கவில்லை.

"அப்பாடா, ராசியாயிட்டாங்க! இனிமே நிம்மதியா தூங்கலாம், அக்கா," என்றது பக்கத்துப் பொந்துத் தேரை.

தாய் எலி தரையில் காதை வைத்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் மெல்ல, விடாமல் கேட்டது. சுவரிலிருந்து மண் தானாக உதிர்ந்தது. கண் திறக்காத குட்டிகள் பால் குடித்தபடியே தூங்கிப்போயிருந்தன.

எலி எழுந்ததும் தேரை பதறியது. "வெளியே பருந்து சுத்துது! பைத்தியமா உங்களுக்கு?"

தாய் எலி முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு வெயிலில் இறங்கி ஓடியது.